சாரை என்று சொன்னவள்

என் தங்கை அமெரிக்காவில் குடியேறிய பிறகு எங்களுக்குள் பேச்சு குறைந்துபோயிருந்தது. அவளுக்குப் பகல் என்றால் எனக்கு இரவு. எனக்கு மின்சாரம் இருக்கும் நேரத்தில் அவள் கோழி வெட்டும் ஆலையில் நின்றுகொண்டிருப்பாள். பண்டிகைக்குப் பண்டிகை ஒரு படம், ஒரு வாழ்த்து, அவ்வளவுதான். அப்படி இருந்தவள் ஒரு நாள் காலையில் படம் மேல் படமாக அனுப்பினாள். அவள் வீட்டு வாசற்படியின் மரக் கைப்பிடி மேல் கறுகறுவென்று ஒரு பாம்பு நீளமாகக் கிடந்தது. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும்.

"அக்கா, இது கருநாகமா? அவரு ராத்திரி வேலைக்குப் போயிட்டாரு. நான் கதவப் பூட்டிக்கிட்டு உள்ள உக்காந்திருக்கேன். போலீசக் கூப்பிடவா?"

நான் பர்மாவில், யங்கூன் நகரத்து அலோன் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்கு சொல்லிக்கொடுப்பது என் தொழில். பாம்புக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் தங்கை பயந்து கிடக்கிறாள். இங்கே தடை செய்யப்பட்டிருக்கும் ஃபேஸ்புக்கை வி.பி.என். போட்டுத் திறந்து தேடியதில், படத்தைப் போட்டால் பாம்பின் பெயரைச் சொல்லும் ஓர் அமெரிக்கக் குழு கிடைத்தது. என் அரைகுறை ஆங்கிலத்தில் விஷயத்தை எழுதி, படங்களைப் போட்டேன். தேநீர் ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. எலி தின்னும் பாம்பு. விஷமில்லை. கதவைத் திறந்து வைத்தால்கூட உங்களைத் தேடி வராது, அதன் பாட்டுக்கு விடுங்கள்.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். ஆளாளுக்கு எழுதினார்கள். தாடையும் தொண்டையும் வெள்ளையாக இருப்பதைப் பார். உடம்பு கறுப்பானாலும் செதில்களுக்கு நடுவே குட்டிப் பருவத்துக் கோலத்தின் சுவடு வெளுப்பாகத் தெரிகிறது பார். நேராக நீட்டிக் கிடக்காமல், கசக்கிப் போட்ட கயிறு மாதிரி அங்கங்கே மடங்கி மடங்கிக் கிடக்கிறதே, இந்த இனம் பயந்தால் அப்படித்தான் உறைந்து கிடக்கும். வயிற்றின் ஓரங்கள் ரொட்டித் துண்டின் அடிப்பக்கம் போல விளிம்பு கட்டியிருக்கும், அதனால்தான் சுவரிலும் மரத்திலும் ஏறுகிறது. சருகில் வாலை உதறி, விஷமுள்ள கிலுகிலுப்பைப் பாம்பு மாதிரிச் சத்தம் போடும், அதைக் கேட்டுத்தான் ஜனங்கள் அடித்துக் கொல்கிறார்கள்.

எல்லாவற்றையும் தங்கைக்குச் சொன்னேன். அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருந்தாள். அங்கே இருட்டுவதற்குள் பாம்பு இறங்கிப் புல்லுக்குள் போய்விட்டது.

அன்றோடு விட்டிருக்கலாம். எனக்கு அது பிடித்துப்போனது. பிள்ளைகள் போன பிறகு போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். யாரோ ஒருத்தி கார் நிறுத்துமிடத்தில் ஒரு கறுப்புப் பாம்பைப் படம் எடுத்துப் போட்டுக் கதறுவாள். மற்றவர்கள் வருவதற்கு முன்னால் நான் "எலி தின்னும் பாம்பு, பயம் வேண்டாம்" என்று எழுதுவேன். சரியாகவும் இருக்கும். நம் பக்கத்துச் சாரை, நாகம் பற்றியும் அங்கேயே கேட்டுப் படித்துவைத்தேன். அலோனில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு தமிழச்சி சொல்லி, பார்த்தேயிராத ஓர் ஊரில் ஒருத்தி நிம்மதியாகக் கதவைத் திறக்கிறாள். அந்தச் சுகம் சின்னச் சுகமில்லை. அந்தக் குழுவை நடத்துபவர்கள் ஒவ்வொரு பதிலின் கீழும் ஒரே வாக்கியத்தை ஒட்டுவார்கள்: ஒரு பாம்பின் பெயர் தெரிந்துவிட்டது என்பதற்காக அடுத்த பாம்பின் அருகில் போகாதீர்கள். மருந்துச் சீட்டின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைத் தாண்டுவது போல அதைத் தாண்டிப் போய்விடுவேன்.

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் மளிகைக் கடை. கடைக்காரர் தமிழ் முஸ்லிம், என்னைவிடச் சின்னவர். தெருவுக்கெல்லாம் அவர் 'பாய்'. எனக்குத் 'தம்பி'. அவரும் அவர் மனைவியும் கடைக்குப் பின்னாலேயே ஒரு அறையில் குடியிருந்தார்கள். நான் மேலிருந்து கயிற்றில் பையைக் கட்டி இறக்கினால், வெங்காயமோ பருப்போ போட்டு, கயிற்றை ஒரு இழு இழுத்துவிடுவார்கள். ஏற்றிக்கொள்வேன். அவர் மனைவிக்கு என்னிடம் நல்ல ஒட்டுதல். மீன் குழம்பு வைத்தால் அதே பையில் ஒரு கிண்ணம் மேலே வரும். "அக்கா, உப்பு பாத்துச் சொல்லுங்க" என்பாள்.

கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சந்து. யங்கூனில் எல்லா வரிசைக் கட்டடங்களுக்கும் பின்னால் அப்படி ஒன்று இருக்கும். மாடியில் இருப்பவர்கள் குப்பையை அதில்தான் கொட்டுவார்கள். குப்பைக்கு எலி வந்தது, எலி அரிசி மூட்டைக்கு வந்தது. அந்த வருஷம் மழை தொடங்கிய வாரத்தில் எலிக்குப் பாம்பு வந்தது.

கடையிலிருந்து சத்தம் கேட்டு இறங்கிப் போனேன். கடைக்காரர் மூங்கில் கம்போடு நின்றார். மனைவி மேசை மேல் ஏறி நின்றாள். பின்வாசல் பக்கம், எண்ணெய் டின்களுக்கு மேலே போகும் குழாயில் பாம்பு சுற்றியிருந்தது. மண் நிறம், வாலுக்குப் போகப் போகக் கறுப்பு வலை. போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். பெரிய கண். உதட்டுச் செதில்களுக்கு நடுவே மை தீட்டியது போல நின்ற கோடுகள். ஒல்லியான கழுத்து. கழுத்தை ஊதிக்கொண்டு ஒரு உறுமல் உறுமியது.

"படம் எடுக்குது படம் எடுக்குது" என்று மேசை மேலிருந்து அழுகைக் குரல்.

"படம் இல்ல. மேலுங்கீழுமா ஊதுது பாரு, பக்கவாட்டுல விரியல. இது சாரை. லின்முவே. கம்பக் கீழ போடுங்க தம்பி."

லின்முவே என்பது பர்மியப் பெயர். அதைச் சொன்னதும் வாசலில் கூடியிருந்தவர்களுக்கும் புரிந்தது.

"கடிச்சா?" என்றார் கடைக்காரர்.

"கடிச்சா ரத்தம் வரும். சோப்புப் போட்டுக் கழுவணும். வேற ஒண்ணும் ஆகாது. எலியெல்லாம் தின்னுட்டுப் போகட்டும், விடுங்க."

அவர் கம்பைக் கீழே போட்டார். அத்தனை பேர் பார்க்க, என் பேச்சை நம்பிப் போட்டார். பின்கதவைத் திறந்துவிட்டோம். பாம்பு குழாயோடு வழிந்து இறங்கிச் சந்துக்குள் போய் மறைந்தது. கூட்டம் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருவதால் தெருவில் என்னை 'சயாமா' என்பார்கள், டீச்சர் என்று அர்த்தம். அன்றைக்கு அந்த வார்த்தைக்கு இன்னும் கொஞ்சம் எடை கூடியிருந்தது.

"எப்படிக்கா கண்டுபுடிக்கிறது? எங்களுக்கும் சொல்லித் தாங்களேன்" என்றார் கடைக்காரர்.

இதற்கு நான் சொன்ன பதில்தான் என்னை இப்போது தூங்கவிடாமல் செய்வது. கணக்கு டீச்சரின் புத்தி எனக்கு. எதையும் பிள்ளைகள் மனசில் நிற்கும்படி ஒரு வரியாகச் சுருக்கித் தருவேன். உதட்டுக் கோடு, கண், செதில் என்றெல்லாம் சொன்னால் அவருக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்று நினைத்து, "ஓடினா சாரை, நின்னு படம் எடுத்தா நல்லது" என்றேன். நல்ல பாம்பைத்தான் 'நல்லது' என்றேன். அவருக்கு அந்த வரி பிடித்துவிட்டது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் தமிழிலும் பர்மியிலும் அதைச் சொல்லிச் சிரிப்பார். என் பெயரையும் சேர்த்துச் சொல்வார்.

அன்று மாலை என் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் துறைமுகக் கிடங்கில் வேலை பார்க்கிறவர். "சாரை இருக்கிற எடத்துக்கு நல்லது வரும்னு சொல்லுவாங்க. சாரை ஆம்பளை, நாகம் பொம்பளையாம்" என்றார்.

"ரெண்டும் வேற வேற சாதிங்க. எந்தக் காலத்துல இருக்கீங்க?" என்று சிரித்தேன்.

நான் சொன்னது சரிதான். சாரையில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. ஆனால் எலி இருக்கும் இடத்துக்குச் சாரை வருமென்றால் நாகமும் வரும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அவர் சொன்ன காரணம் தப்பு, விஷயம் தப்பில்லை. காரணத்தைப் பிடித்துக்கொண்டு விஷயத்தை விட்டுவிட்டேன்.

மழை முடிந்து, பனி வந்து போய், வெயில் ஏறியது. சாரை அவ்வப்போது சந்தில் தென்படும். "நம்ம ஆளு வந்துட்டுப் போனாருக்கா" என்று கடைக்காரர் கீழேயிருந்து கத்துவார். எலித்தொல்லை உண்மையாகவே குறைந்திருந்தது. அவர் மனைவிகூடப் பயம் தெளிந்து, பாம்பைப் பற்றி மாமனாரைப் பற்றிப் பேசுவது போலப் பேசத் தொடங்கியிருந்தாள்.

சித்திரைத் தண்ணீர்த் திருவிழா முடிந்த பிறகு ஒரு பிற்பகல். காலையிலிருந்து கரண்ட் இல்லை. தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. திடீரென்று தெரு முழுக்க "மீ வந்துருச்சு, மீ வந்துருச்சு" என்று கத்தல். மீ என்றால் கரண்ட். அந்தக் கூப்பாடு கேட்டால் எங்கள் ஊரில் எல்லோரும் ஓடுவோம். மறுபடி எப்போது போகும் என்று தெரியாது. மோட்டாரைப் போட்டேன், சோற்றுப்பானையைச் செருகினேன், துணி தேய்க்க எடுத்தேன். அப்போது கடைக்காரர் மனைவியின் குரல் கீழேயிருந்து வந்தது.

"அக்கா! அக்கோவ்! இவரச் சாரை கடிச்சிருச்சு!"

பால்கனிக்குப் போனேன். அவள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். முகத்தில் பெரிய பதற்றமில்லை. கொஞ்சம் சிரிப்புகூட இருந்தது.

"எங்க கடிச்சுச்சு?"

"வெரல்ல. மூட்டைய நகத்துறேன்னு கைய விட்டாரு. கடிச்சிட்டு ஓடிருச்சு. ஓடினா சாரைதானேக்கா?"

"சாரைதான். சோப்புப் போட்டு நல்லாக் கழுவச் சொல்லு. மோட்டாரு ஓடுது, நான் அப்புறமா வந்து பாக்குறேன்."

"சரிக்கா" என்று உள்ளே போனாள்.

நான் துணி தேய்த்தேன். தொட்டி நிரம்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, மறுநாள் பிள்ளைகளுக்குப் போட வேண்டிய கணக்குகளை யோசித்துக்கொண்டு, என் கணவரின் கைலி ஒன்று, என் ரவிக்கைகள் என்று ஒவ்வொன்றாகத் தேய்த்து மடித்தேன். கீழே கடைக்காரர் கையைக் கழுவி, மஞ்சள் வைத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு, அரிசி நிறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். விரல் வீங்குகிறதே என்று யாரோ கேட்டதற்கு, "சாரைதான், சயாமா சொல்லிட்டாங்க" என்றாராம்.

இரண்டாவது முறை அவள் கூப்பிட்டபோது குரலே வேறாக இருந்தது.

"அக்கா, இவருக்குக் கண்ணத் தொறக்க முடியலக்கா!"

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். இமை இரண்டும் பாதி விழுந்திருந்தன. என்னைப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்த்து, இமையின் கீழ் இடுக்கு வழியாகப் பார்த்தார். "தூக்கமா வருதுக்கா" என்றார். நாக்குத் தடித்துவிட்டிருந்தது. கை மணிக்கட்டு வரை வீங்கி, கடித்த விரல் கருநீலமாக இருந்தது. இதையும் நான் அந்தக் குழுவில் படித்திருந்தேன். எந்தப் பாம்பு கடித்தால் முதலில் இமை விழும் என்று எனக்குத் தெரியும்.

தெருமுனையில் நின்ற டாக்சியைப் பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவர் தலை என் தோளில் இருந்தது. மனைவி மறுபக்கம் குர்ஆன் வசனம் ஓதிக்கொண்டே வந்தாள். எச்சில் விழுங்க முடியாமல் அவர் வாயோரம் வழிந்தது. நான் துடைத்தேன். துடைத்த கைதான் சற்று முன்பு நிதானமாகத் துணி மடித்த கை.

டாக்டர் இளம் வயதுப் பெண். பர்மியில் முதல் கேள்வியே "என்ன பாம்பு?" என்பதுதான்.

"லின்முவே" என்றாள் அவர் மனைவி, சட்டென்று, நம்பிக்கையோடு.

"இல்ல, நாகம்" என்றேன் நான்.

டாக்டர் என்னைப் பார்த்தாள். "நீங்க பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப எப்படிச் சொல்றீங்க?"

அவர் மனைவி என் பக்கம் திரும்பினாள். அதற்கு முன்னால் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்பு பால்கனியிலிருந்தும் நான் பார்க்காமல்தான் சொன்னேன் என்பது அந்த நொடியில் அவளுக்குப் புரிந்தது.

"அவர் கண்ணப் பாருங்க டாக்டர்" என்றேன்.

டாக்டர் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தாள். எங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் நர்சிடம் மருந்து கேட்டாள். எங்கள் நாட்டில் கண்ணாடி விரியனுக்கு ஒரு மருந்து, நாகத்துக்கு வேறு மருந்து என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு நாகத்துக்கான மருந்து அங்கே இருந்தது. அதை நினைத்து இன்றைக்கும் கைகூப்புகிறேன். ஆனாலும் மூச்சு தளர்ந்து, தொண்டையில் குழாய் போட்டு இயந்திரத்தில் வைக்க வேண்டி வந்தது.

வராந்தாவில் நானும் அவளும் உட்கார்ந்திருந்தோம். கீழே விரித்திருந்த பாய்களில் வேறு நோயாளிகளின் சொந்தக்காரர்கள் டிஃபன் கேரியரோடு படுத்திருந்தார்கள். அவள் கோபமே இல்லாத குரலில், சந்தேகம் கேட்கும் பிள்ளை மாதிரிக் கேட்டாள்.

"எறங்கி வந்து பாத்திருக்கலாம்லக்கா?"

கரண்ட் வந்தது, மோட்டார் ஓடியது என்று சொல்ல வாயெடுத்தேன். என் காதுக்கே அது எப்படிக் கேட்கும் என்று தோன்றி மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

அவர் பிழைத்தார். குழாயை எடுத்த அன்று என் கணவரோடு போய்ப் பார்த்தேன். அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். கடித்த இடத்தில் சதை கறுத்து அழுகி, வலது கை ஆள்காட்டி விரலை அடியோடு எடுக்க வேண்டியிருந்தது. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, குழாய் போட்டதால் கரகரத்த குரலில் அவர் என்னைத் தேற்றினார்.

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க? மூட்டைக்குள்ள இருட்டு. எனக்கே வாலு மட்டுந்தான் தெரிஞ்சுது. அது ஓடிருச்சு. நல்லது ஓடாதுன்னு நெனச்சேன்."

அந்த வாக்கியத்தை நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். மனுஷனைக் கண்டால் எந்தப் பாம்பும் ஓடத்தான் பார்க்கும், நாகமும்தான். அது எனக்கு எந்த நாளும் தெரியும். கேட்பதற்கு நன்றாக இருந்ததால் அப்படிச் சொன்னேன். "தம்பி, நான் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தேன். அவர் இடது கையை ஆட்டி, "விடுங்கக்கா" என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலை.

தங்கையிடம் போனில் சொல்லி அழுதேன். "நீயா கடிச்ச? பாம்புதானே கடிச்சுச்சு" என்றாள். பாசத்தில் சொல்கிறாள் என்று புரிந்தது. ஆனாலும் அன்றைக்குப் பேச்சை முடித்துவிட்டு, அந்தப் பாம்புக் குழுவிலிருந்து விலகிவிட்டேன்.

கடை மறுபடி திறந்தது. நான் பழக்கத்தில் ஒரு தடவை பையை இறக்கினேன். கயிறு காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது. யாரும் இழுக்கவில்லை. அவர் வெளியே போயிருந்தார் போல. அவள் உள்ளே இருந்தாள், துடைப்பச் சத்தம் கேட்டது. சற்றுக் காத்திருந்துவிட்டு வெறும் பையை மேலே ஏற்றினேன். அதன் பிறகு உப்பு வாங்கக்கூட அடுத்த தெருவுக்குப் போனேன். கடையைத் தாண்டும்போது கண் தன்னால் தரைக்குப் போய்விடும். அவர் "அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று கையை உயர்த்துவார். ஆள்காட்டி விரல் இல்லாத அந்தக் கை உயரும்போதெல்லாம் அவர் என்னைக் கண்டும் காணாதவராக இருந்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்த மழைக்காலம் வந்தது. ஒரு நாள் காலை, அடுப்படியில் நின்றிருந்தேன். பின்சந்தில் ஆட்கள் கூடி இரைந்தார்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். எதிர்க் கட்டடத்தின் மழைநீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு பாம்பு பாதி உயரம் ஏறியிருந்தது. என் ஜன்னலுக்கு நேர் எதிரே, நல்ல வெளிச்சத்தில். கீழே கம்பும் இரும்புக் குழாயுமாக நாலைந்து பேர்.

"சயாமா! என்ன பாம்பு இது?" என்று ஒருவர் அண்ணாந்து கேட்டார். கடைக்காரருக்கு நடந்தது அவருக்கும் தெரியும். ஆனாலும் என்னைத்தான் கேட்டார்கள்.

பெரிய கண். உதட்டில் நின்ற கோடுகள். வாலில் கறுப்பு வலை. குழாயில் அது ஏறியிருந்த விதம். சாரை என்பதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. கடைக்குள் பார்த்த அதே சாரையா, வேறொன்றா என்பது மட்டும்தான் தெரியாது. வாய் வரை வந்தது. வராந்தாவில் அவள் கேட்டது நினைவுக்கு வந்தது. நான் சொல்லி, இவர்களில் ஒருத்தர் நாளைக்கு வேறு எதன் மேலாவது கையை வைத்தால்?

"தெரியலங்க" என்றேன்.

மழைநீர்க் குழாயின் மேல் இரும்புக் குழாயால் முதல் அடி விழுந்தது. அதிர்வில் பாம்பு கழன்று குப்பை மேல் விழுந்தது, அடுத்த அடிகள் அதன் மேல் விழுந்தன. நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. அப்போது கடையின் பின்கதவு திறந்து கடைக்காரர் ஓடி வந்தார். "அடிக்காதீங்க! லின்முவே, அது லின்முவே!" என்று பர்மியில் கத்தினார். இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றார். அதற்குள் தலை நசுங்கியிருந்தது. வால் மட்டும் இன்னும் குப்பைக் காகிதத்தில் உதறிக்கொண்டிருந்தது.

கூட்டம் கலைந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து மேலே என் ஜன்னலைப் பார்த்தார்.

நான் இறங்கிப் போனேன். சந்து வழியாக இல்லை, கடையின் முன்வாசல் வழியாக, இத்தனை மாதங்களில் முதல் தடவையாக. அவள் கல்லாவில் உட்கார்ந்து மிளகாயைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அவர் பின்பக்கமிருந்து வந்து கையைக் கழுவினார்.

"உங்களுக்குத் தெரிஞ்சுதாக்கா?" என்றார்.

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் சொல்லலக்கா?"

"சொல்றதுக்குப் பயமா இருந்துச்சு தம்பி."

அவர் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். கல்லாவிலிருந்து குரல் வந்தது. மிளகாயிலிருந்து கண்ணை எடுக்காமலேதான் பேசினாள்.

"அன்னைக்குப் பாக்காமச் சொன்னீங்க. இன்னைக்குப் பாத்துட்டுச் சொல்லல."

"ஆமாம்" என்றேன். அழுதுவிட்டேன். என் கண்ணீரைக் கண்டு அவள் இளகவில்லை. இளக வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பேசிவிட்டாள். நான் திரும்பி நடந்தபோது, "மிளகு கேட்டீங்களே போன மாசம் ஒருநாளு, தெருவுல யார்கிட்டயோ. இங்க இருக்கு" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

இப்போது பாம்பு பிடித்துக்கொண்டுபோய்க் காட்டில் விடும் தன்னார்வலர்களின் எண்ணைக் கடைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். எழுதியது நான். யாராவது போனில் படம் காட்டினால் பெயரைச் சொல்கிறேன். சொல்லிவிட்டு, "ஆனா கிட்ட போகாதீங்க, இவங்களக் கூப்பிடுங்க" என்கிறேன். பாதிப் பேர் இரண்டாவது வாக்கியத்தைக் கேட்பதற்குள் திரும்பி நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நான் பின்னாலேயே போய்ச் சொல்கிறேன்.

போன வாரம் அவள் கீழேயிருந்து கூப்பிட்டாள். "அக்கா, ஒரு நிமிஷம் வாங்க." கரண்ட் இருந்தது, பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன். கடை மூட்டைகளின் இடுக்கில் ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. கிழிந்து, தலைப்பக்கம் இல்லாமல், எலிப் புழுக்கையோடு ஒட்டிக்கிடந்தது. மேசையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். செதில் வரிசைகள் நைந்துபோயிருந்தன.

"எதோடது?" என்றாள்.

"இத வச்சுச் சொல்ல முடியாது. சாரையோடதாவும் இருக்கலாம், நாகத்தோடதாவும் இருக்கலாம்."

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு, "அப்ப எல்லா மூட்டையையும் வெளிய எடுத்துருவோம்" என்றாள். நீளக் கம்புகளால் தட்டித் தட்டி, கொக்கி போட்டு ஒவ்வொன்றாக இழுத்தோம். பாம்பு இல்லை. கடைசி மூட்டையைத் தூக்கக் கடைக்காரர் குனிந்தார். பிடிப்புக் கிடைக்காமல் வலது கையிலிருந்து மூட்டை இரண்டு தடவை நழுவியது. அவர் மனைவி என்னைப் பார்க்கவில்லை. நான் போய் அந்தப் பக்க முனையைப் பிடித்துக்கொண்டேன்.